உட்கார்ந்தால் குத்தும் ஹாம்ஸ்ட்ரிங் வலி: ஓடுகிறவர்கள் செய்ய வேண்டியது

ஓட ஆரம்பித்த முதல் கிலோமீட்டரில் பிட்டத்துக்கு அடியில் ஏதோ இழுக்கும். உடம்பு சூடானதும் காணாமல் போய்விடும். பத்து கிலோமீட்டர் முடித்து, குளித்து, வேலைக்குப் போய் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் அதே இடம் கனன்று வலிக்கும். கார் ஓட்டும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளத் தோன்றும். இரண்டு வாரம் ஓடாமல் இருந்தால் அடங்கும். மறுபடி ஓடினால் மூன்றாம் நாளே திரும்பி வரும்.

மாதக்கணக்கில் இப்படி இழுத்தடிக்கும் வலிக்குப் பெரும்பாலும் காரணம், தொடையின் பின்புறத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் எலும்போடு சேரும் இடத்தில் உள்ள தசைநாண் (டெண்டன்). இதற்கு எல்லாரும் முதலில் செய்வது, காலை நீட்டி வைத்துக் குனிந்து ஸ்ட்ரெட்ச் பண்ணுவது. இழுத்துவிட்டால் அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும். வலி ஆறாமல் நீடிப்பதற்குப் பாதிக் காரணமும் அந்த ஸ்ட்ரெட்ச்தான். இதற்கு வேண்டியது இரண்டு விஷயங்கள்: அந்த இடத்தை அழுத்துவதை நிறுத்துவது, பிறகு தசைநாணுக்குப் படிப்படியாகச் சுமை கொடுத்துப் பலப்படுத்துவது. மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். மூன்று வாரத்தில் தீர்த்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வலி எந்த இடத்தில்?

கட்டாந்தரையில் உட்காரும்போது பிட்டத்துக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுகிறதே, அதுதான் உட்காரும் எலும்பு. தொடையின் பின்புறத்தில் இருக்கும் மூன்று ஹாம்ஸ்ட்ரிங் தசைகளும் அங்கிருந்துதான் கிளம்பி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் முடிகின்றன. ஒரே ஒரு விரலால் வலியைக் காட்டச் சொன்னால் உங்கள் விரல் அந்த எலும்பின் மேலேயோ அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழேயோ போய் நிற்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். விரல் தொடையின் நடுவில் நின்றால் அது தசையில் பட்ட பழைய காயமாக இருக்கலாம். அதற்கும் கீழே வரும் பயிற்சிகள் உதவும், ஆனால் உட்காருவது பற்றிய எச்சரிக்கைகள் அவ்வளவாகப் பொருந்தாது. ஒரு விரல் போதாமல் முழு உள்ளங்கையால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை தடவிக் காட்டுகிறீர்கள் என்றால், கீழ்முதுகிலிருந்து இறங்கும் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் பேச்சில் ‘நரம்பு’ என்ற சொல் ரொம்பத் தாராளமானது. தசைநாண், ரத்தக்குழாய், உண்மையான நரம்பு எல்லாமே நமக்கு நரம்புதான். “பின்னந்தொடையில நரம்பு இழுத்துக்கிச்சு” என்று சொல்பவருக்கு எது இழுத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் தொடங்க முடியாது. சயாட்டிக் நரம்பு இந்தத் தசைநாணுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வெளிப்புறமாகவே ஓடுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கட்டில் விளிம்பில் கூன் போட்டு உட்காருங்கள், தாடையை நெஞ்சோடு சேருங்கள், வலிக்கிற பக்கத்து முழங்காலை வலி வரும்வரை மெதுவாக நீட்டுங்கள். காலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் நிமிர்த்துங்கள். வலி சட்டென்று குறைந்தால் அதில் நரம்புக்குப் பங்கு இருக்கிறது. கழுத்து அசைவது ஹாம்ஸ்ட்ரிங் தசையின் நீளத்தை மாற்றாது. நரம்பின் இழுப்பை மட்டும்தான் மாற்றும்.

தசைநாணைச் சோதிக்க மூன்று படிகள் உண்டு. முதலில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கிப் பத்து விநாடி நில்லுங்கள். அடுத்து, குதிகாலைத் தள்ளி வைத்துக் கால் கிட்டத்தட்ட நீட்டியபடி அதையே செய்யுங்கள். கடைசியாக, வலிக்கும் காலில் நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, மறுகாலைப் பின்னால் நீட்டியபடி உடம்பை முன்னால் சாயுங்கள். படி ஏற ஏற வலியும் ஏறி, அதே ஒரு விரல் இடத்திலேயே நின்றால் அது தசைநாண் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றில் எந்தப் படியில், பத்துக்கு எத்தனை வலி என்று குறித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கீழ்க்கண்டவை இருந்தால் பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்:

- ஓடும்போதோ வழுக்கி விழும்போதோ ‘டப்’ என்ற சத்தத்தோடு வந்த வலி, அதைத் தொடர்ந்து தொடையின் பின்புறம் கருநீலம் படர்வது, காலை மடக்கப் பலம் இல்லாமை. தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். இதில் நாள் கடத்தக் கூடாது.
- பதின்ம வயதினருக்கு வரும் திடீர் வலி. அவர்களுக்கு அந்த எலும்பின் முனை இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. தசைநாணுக்குப் பதில் எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம்.
- பாதம் தொங்குவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது. இது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
- இரவில் எழுப்பும் வலி, அல்லது காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, பக்கம் மாறி மாறி வரும் பிட்ட வலி. நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது முதுகெலும்பு வாதத்தின் அடையாளமாக இருக்கலாம்.
- சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை.

எம்.ஆர்.ஐ எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தசைநாண் தடித்தோ நைந்தோ தெரிவதுண்டு. பிய்ந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலோ, ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மூன்று மாதத்தில் அசைவில்லை என்றாலோ எடுக்கலாம்.

குனிவது ஏன் கெடுதல்?

கிணற்றில் உருளை இல்லாமல், கயிற்றைச் சுவர் விளிம்பிலேயே போட்டு வாளியை இழுத்தால் கயிறு எங்கே நையும்? நடுவில் நையாது, விளிம்பில் அழுந்தும் இடத்தில்தான் நையும். இடுப்பு மடங்கும்போது ஹாம்ஸ்ட்ரிங் தசைநாண் உட்காரும் எலும்பின் மேல் அப்படித்தான் அழுந்துகிறது. வெறும் இழுப்பைத் தசைநாண் நன்றாகத் தாங்கும். வெறும் அழுத்தத்தையும் ஓரளவு தாங்கும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் ஆகாது. முழங்காலை நீட்டிவைத்துக் குனியும் எல்லா ஸ்ட்ரெட்ச்சும் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது.

ஓட்டத்தில் இது எப்போது நடக்கிறது என்றால், கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு. இடுப்பு மடங்கியிருக்கிறது, முன்னால் பறக்கும் கீழ்க்காலை ஹாம்ஸ்ட்ரிங் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வேகம் கூடக் கூட இந்தப் பிடித்து நிறுத்தும் வேலை பல மடங்கு ஆகிறது. மெதுவாகப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் வலிக்காதவருக்கு, எட்டுத் தடவை 400 மீட்டர் இன்டர்வல் (இடையிடையே ஓய்வு விட்டு வேகமாக) ஓடினால் மறுநாள் உட்கார முடியாமல் போவது இதனால்தான். மேடு ஏறும்போது முழங்கால் மேலே வருகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது. அங்கேயும் இதே கதை.

முதல் இரண்டு மூன்று வாரம்: அழுத்தத்தைக் குறையுங்கள்

ஓட்டத்தை விட, ஓடாத இருபத்து மூன்று மணி நேரத்தில் செய்வது இங்கே பெரிய விஷயம்.

நாற்காலியில் உட்காரும்போது இடுப்பு முழங்காலை விடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். ஒரு போர்வையை நான்காக மடித்து, பிட்டத்துக்கு அடியில் வைக்காமல் தொடைக்கு அடியில், உட்காரும் எலும்புக்கு முன்னால் வருகிற மாதிரி வையுங்கள். எடை எலும்பிலிருந்து தொடைக்கு மாறும். கார் சீட் பின்பக்கம் பள்ளமாக இருந்தால் அந்தப் பள்ளத்தை முதலில் துண்டு வைத்து நிரப்புங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு நிமிடம் நடங்கள். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது என்று வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தரையில் சம்மணம் போடுவதை இந்த மூன்று வாரமும் தவிருங்கள். முடியாவிட்டால் கெட்டியான தலையணையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்காருங்கள். இந்திய முறைக் கழிப்பறையில் முழங்காலும் மடங்கிவிடுவதால் தசை தளர்ந்திருக்கும். கொஞ்ச நேரத்துக்குப் பரவாயில்லை, உள்ளே போனுடன் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். காலை விறைப்பாக வைத்துக் குனிந்து கோலம் போடுவது, குட்டையான விளக்குமாற்றால் வாசல் பெருக்குவது, கீழே இருக்கும் குடத்தைத் தூக்குவது, இவையெல்லாம் நீங்கள் ஸ்ட்ரெட்ச் என்று நினைக்காத ஸ்ட்ரெட்ச்சுகள். முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி கோலம் போடுங்கள். நீளமான துடைப்பத்துக்கு மாறுங்கள்.

யோகா செய்பவர்கள் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம், ஜானு சிரசாசனம் மூன்றையும் நிறுத்த வேண்டும். சூரிய நமஸ்காரத்தில் குனியும் இடங்களில் முழங்காலை நன்றாக மடக்கிக்கொள்ளலாம். சேதுபந்தாசனத்தைத் தாராளமாகச் செய்யலாம். பிசியோதெரபிஸ்ட் ‘பிரிட்ஜ்’ என்று சொல்லித்தரப்போவதும் ஏறக்குறைய அதைத்தான்.

தைலம் தேய்ப்பதோ வெந்நீர் ஒத்தடமோ தொடையின் நடுத்தசைக்கு இதமாக இருக்கும், செய்துகொள்ளுங்கள். ஆனால் டென்னிஸ் பந்தையோ ஃபோம் ரோலரையோ உட்காரும் எலும்புக்கு அடியில் போட்டு ஏறி உட்காருவது, நைந்த கயிற்றைத் திரும்ப அதே விளிம்பில் தேய்ப்பதுதான்.

ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டுமா? அநேகமாக வேண்டாம். சமதளத்தில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், வழக்கமான தூரத்தில் பாதி ஓடிப் பாருங்கள். அதற்கான அளவுகோல் இது: பத்துக்கு மூன்று வரை வலிக்கலாம், அது இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கினால் அந்த ஓட்டம் சரி. இறங்காவிட்டால் அடுத்த முறை தூரத்தையோ வேகத்தையோ குறையுங்கள். நொண்ட வைக்கும் வலி என்றால் ஓடாதீர்கள். நீச்சலோ நடையோ போதும். சைக்கிள் சீட் பலருக்கு வலியைக் கூட்டும்.

இதை ஞாபகத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. தினமும் காலையில் ஒரே நேரத்தில், கால் நீட்டிய பிரிட்ஜை (மேலே சொன்ன மூன்று சோதனைகளில் இரண்டாவது) பத்து விநாடி பிடித்து, வலிக்கு மார்க் போட்டு, போனில் எழுதி வையுங்கள். நேற்று 2, இன்று 5 என்றால் நேற்று செய்தது அதிகம். ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்தப் பட்டியல் உங்களுக்குச் சொல்வதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

முதல் படி: அசையாமல் பிடிப்பது

வலி சுர்ரென்று இருக்கும் கட்டத்தில் தொடங்க இதுதான் ஏற்றது. மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வையுங்கள். இப்போது இரண்டு பாதத்தையும் சுமார் ஒரு அடி முன்னால் நகர்த்துங்கள். விரல்களைத் தூக்கிவிட்டுக் குதிகால் மட்டும் தரையில் படட்டும். குதிகாலைத் தரையோடு அழுத்தி, அதை உங்கள் பக்கம் இழுக்கப் பார்ப்பது போலப் பலம் கொடுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரு சரிவான கோட்டில் வரும்போது நிறுத்தி 45 விநாடி பிடியுங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி ஐந்து தடவை. காலையும் மாலையும் செய்யலாம்.

எங்கே தெரிய வேண்டும்? தொடையின் பின்புறம் முழுவதும். இடுப்பின் மேற்பக்கம் அல்லது கீழ்முதுகில் தெரிந்தால் முதுகை வில்லாக வளைத்துத் தூக்குகிறீர்கள். விலா எலும்பைக் கீழே இறக்கி, இடுப்பை ஒரு அங்குலம் தாழ்த்துங்கள். தொடையில் குரக்களி பிடித்தால் குதிகால் அதிகத் தூரத்தில் இருக்கிறது; நான்கு விரல் அளவு அருகே கொண்டுவாருங்கள். கெண்டைக்கால் இறுகினால் பாதத்தின் முன்பகுதியால் தள்ளுகிறீர்கள். 45 விநாடியும் சிரமமே இல்லாமல் போனால் ஒற்றைக் காலில் செய்யுங்கள். ஒற்றைக் காலில் 45 விநாடி, வலி மூன்றுக்குள், ஐந்து தடவையும் வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூன்று வாரம்.

இரண்டாம் படி: இடுப்பை மடக்காமல் பலம் சேர்ப்பது

இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தசைநாண் சுமைக்குப் பிறகு தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த இடைவெளி வேண்டும். தினமும் செய்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்துக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு பயிற்சியும் 3 அல்லது 4 செட், 15 தடவையில் தொடங்கி, எடையைக் கூட்டிக்கொண்டே 8 தடவைக்கு வாருங்கள். மேலே போக மூன்று விநாடி, கீழே இறங்க மூன்று விநாடி. செட்டுக்கு இடையில் இரண்டு நிமிடம்.

ஒற்றைக் கால் பிரிட்ஜ் முதலாவது. பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு இடுப்பின் மேல் வைத்துக்கொண்டால் எடைக்கு எங்கும் அலைய வேண்டாம்.

டைல்ஸ் தரை உள்ள வீட்டில் துண்டு வைத்துச் செய்வது இரண்டாவது. குதிகால்களுக்கு அடியில் ஒரு துண்டைப் போட்டுப் பிரிட்ஜ் நிலைக்கு வாருங்கள். நான்கு விநாடி எடுத்து இரண்டு குதிகாலையும் முன்னால் வழுக்கவிடுங்கள், இடுப்பு தாழக் கூடாது. முழுதாக நீண்டதும் இடுப்பைத் தரையில் இறக்கி, காலை மடக்கி மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் கழித்து, இடுப்பை இறக்காமல் அப்படியே திரும்ப இழுக்கப் பாருங்கள். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆறு தடவை ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு.

ஜிம் போகிறவர்களுக்குக் குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்ல் மெஷின் நல்லது. உட்கார்ந்து செய்யும் மெஷின் இந்தக் கட்டத்தில் வேண்டாம். அதில் இடுப்பு மடங்கியிருக்கும், உட்காரும் எலும்பும் அழுந்தும். எதுவானாலும் இரண்டு காலையும் தனித்தனியாகச் செய்யுங்கள். சேர்த்துச் செய்தால் நல்ல கால் சத்தமில்லாமல் வலிக்கிற காலின் வேலையையும் எடுத்துக்கொள்ளும்.

எடை கூட்டும் கணக்கு: கடைசிச் செட்டில் குறித்த எண்ணிக்கையை விட இரண்டு அதிகமாகச் செய்ய முடிகிறது, அடுத்த தடவையும் முடிகிறது என்றால் சுமையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டுத்தான் வர வேண்டும். இலகுவான எடையில் ஐம்பது தடவை செய்வது வியர்வை தரும், தசைநாணை மாற்றாது.

மூன்றாம் படி: இடுப்பை மடக்கிச் சுமை ஏற்றுவது

எதைத் தவிர்த்தோமோ அதையே இப்போது மெதுவாக உள்ளே கொண்டுவருகிறோம். ஓட்டத்தில் அந்த நிலை வரத்தான் போகிறது. அதற்குத் தசைநாணைப் பழக்காமல் விட்டால் வலி திரும்பும். இரண்டாம் படியில் வலி மூன்றுக்குள் நின்று, தினமும் காலையில் போடும் சோதனை மார்க்கும் இரண்டு வாரமாக ஏறாமல் இருந்தால் தொடங்குங்கள்.

நடுநாயகம் ரொமேனியன் டெட்லிஃப்ட். சுவருக்கு முதுகு காட்டி ஒரு அடி தள்ளி நில்லுங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, அந்த மடிப்பை மாற்றாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முதுகு பலகை போல நேராக இருக்கட்டும். குனிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். பின்னால் போக வேண்டும் என்று நினையுங்கள். இது பழகியதும் இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், ஆக மொத்தம் பத்து கிலோ. முதல் வாரம் கை முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். அடுத்த வாரம் முழங்கால் வரை. அதற்கடுத்து முழங்காலுக்குக் கீழே நான்கு விரல். தரையைத் தொடுவது இலக்கே இல்லை. ஆழத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

எவ்வளவு எடை போதும்? பொழுதுபோக்காக ஓடுகிறவர் தன் உடல் எடையில் பாதியை எட்டுத் தடவை, நாலு செட் சுகமாகத் தூக்கினால் நல்ல நிலை. 70 கிலோ ஆளுக்கு 35 கிலோ. வீட்டில் அதற்கு மேல் ஏற்றுவது சிரமம் என்பதால், இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று மாதம் ஜிம்மில் சேர்வது பணத்துக்கு மதிப்பான செலவு.

கூடவே படியேறுதல் (40 சென்டிமீட்டர் உயரம், கையில் எடை), முன்னால் அடி வைத்து இறங்கும் லஞ்ச், பிறகு ஒற்றைக் கால் டெட்லிஃப்ட். ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு மேலே திரும்பிக்கொள்ளும். சுவரில் ஒரு விரலை ஊன்றி இரண்டு இடுப்பெலும்பும் தரையைப் பார்க்க வைத்துச் செய்யுங்கள். இந்தப் பயிற்சிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள்.

பலத்தை அளக்க ஒரு கணக்கு: சுமார் 60 சென்டிமீட்டர் உயரமான, ஆடாத பெஞ்சில் ஒரு குதிகாலை வைத்து, முழங்கால் சற்றே மடங்கியிருக்க, தரையில் படுத்தபடி ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். 20-ஐ எட்ட முடியாவிட்டால் பலம் குறைவு, 25 நடுத்தரம், 30-க்கு மேல் நல்லது. இரண்டு காலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் இதைச் செய்யாதீர்கள், வழுக்கிக்கொண்டு வரும். சுவரோரம் இழுத்துப் போட்ட மர பெஞ்சுதான் சரி.

நான்காம் படி வேகம் வேண்டுபவர்களுக்கு மட்டும். ஸ்கிப்பிங் நடை, வேகமாகப் படி ஏறுதல், கெட்டில்பெல் ஸ்விங் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை முன்னால் வீசுவது), நீளத் தாவல். இவை தசைநாணை ஸ்பிரிங் போல வேலை வாங்குபவை. மூன்று நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. அரை மாரத்தானை மெதுவாக ஓடி முடித்தால் போதும் என்பவர் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

ஓட்டத்தைத் திரும்பக் கட்டுவது

நிறுத்தியிருந்தவர் என்றால், முப்பது நிமிடம் வேகமாக நடந்து மறுநாள் வலி ஏறவில்லை என்று பார்த்த பிறகு தொடங்கட்டும். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து தடவை. அடுத்த முறை இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

காலை ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நேரே ஷூவை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். முதல் எட்டு நிமிடம் நடை, பிறகு மெல்லோட்டம். ஸ்ட்ரெட்ச் இல்லாமல் எப்படி வார்ம் அப் என்று கேட்பவர்களுக்கு: பத்து பிரிட்ஜ், பத்து லஞ்ச் நடை, அவ்வளவே.

அடுத்தது காலடி எண்ணிக்கை. வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையைத் தொடுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 40 வந்தால் நிமிடத்துக்கு 160. வேகத்தை மாற்றாமல் அதை 5 சதவீதம் கூட்டி 168 ஆக்குங்கள். 30 விநாடிக்கு 42. போனில் மெட்ரோனோம் ஆப் போட்டுக்கொண்டால் பழகிவிடும். காலடி சிறிதானால் பாதம் உடம்புக்கு அருகிலேயே விழும், கால் முன்னால் அவ்வளவு தூரம் வீசாது, தசைநாணின் வேலை குறையும். உடம்பை இடுப்பிலிருந்து முன்னால் மடக்கி ஓடும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். நிமிர்ந்து ஓடுவதே இந்த வலிக்கு நல்லது. டிரெட்மில்லில் ஏற்றம் 1 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடற்கரைப் பொதபொத மணலில் ஓடுவதும் இப்போதைக்கு வேண்டாம். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். சாலையே நல்லது.

முதலில் தூரம், பிறகு மேடு, கடைசியில் வேகம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய தூரத்தில் முக்கால் பங்கை வலியில்லாமல் ஓட முடிந்ததும் 80 மீட்டர் ஓட்டம் நான்கு, முழு வேகத்தில் 70 சதவீதத்தில். ஒரு வாரம் கழித்து 80 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு வாரமும் ஐந்து சதவீதமே கூட்டுங்கள், ஏனென்றால் கடைசி இருபது சதவீதத்தில்தான் ஹாம்ஸ்ட்ரிங்கின் சுமை செங்குத்தாக ஏறுகிறது.

எடைப் பயிற்சியை எந்த நாளில் வைப்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கடினமான ஓட்டமும் எடையும் ஒரே நாளில் வரட்டும், காலையில் ஓட்டம், மாலையில் எடை. மறுநாள் ஓய்வு அல்லது மெல்லோட்டம். எடைப் பயிற்சி செய்த மறுநாள் காலை இன்டர்வல் ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

ஊசி, மாத்திரை

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ஓரிரு நாள் வலியைக் குறைக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் மூன்று என்று தெரிய வேண்டிய வலி ஒன்றாகத் தெரியும், அளவுகோல் பொய்யாகிவிடும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகவே இருக்கும். பலம் சேராமல் வலி மட்டும் போவதால் திரும்ப ஓடித் திரும்பக் கெடுத்துக்கொள்வது வழக்கம், தசைநாணைப் பலவீனமாக்கும் ஆபத்தும் உண்டு. ஷாக்வேவ் (அதிர்வலை) சிகிச்சை சிலருக்கு உதவுகிறது, பயிற்சியோடு சேர்த்துச் செய்தால். பி.ஆர்.பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளேட்லெட்) ஊசிக்குக் கொடுக்கும் விலைக்கு இந்த வலியில் உறுதியான ஆதாரம் இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தசைநாண் மெதுவாகவே ஆறும். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

வலி போன பிறகும் எடைப் பயிற்சியை வாரம் ஒரு முறையாவது, கனமாக, தொடர வேண்டும். நிறுத்தினால் சேர்த்த பலம் சில மாதங்களில் கரையும். நடுவில் ஒரு நாள் வலி சட்டென்று ஏறினால் பயப்பட வேண்டாம். ஒரு படி கீழே இறங்கி மூன்று முதல் ஐந்து நாள் இருந்துவிட்டு, சோதனை மார்க் பழைய இடத்துக்கு வந்ததும் விட்ட இடத்துக்குப் போகலாம். முதல் படிக்கே ஓடிப்போகத் தேவையில்லை.

பந்தயம் வெளியூரில் என்றால் முந்தைய இரவு பஸ் சீட்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போய் இறங்கி ஓடாதீர்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ படுத்துப் போகிற டிக்கெட் எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள். வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள்.